பெருக்குமரத்துக்குள்

குறிகட்டுவானில் படகேறும்போதே
அணியத்தில் அண்ணன், கடையாரில் நான்.
நடுவில் சீமெந்து மூட்டை, யாருடையதோ மோட்டார் சைக்கிள்,
தேசிக்காயை மணந்தபடி மச்சாள்.

மிதுசிக்குப் பத்து வயது. பிறந்தநாளுக்கு
உடுப்பு வேண்டாமாம், கேக் வேண்டாமாம்,
நெடுந்தீவுப் பெருக்குமரம் பார்க்கவேணுமாம்.
சித்தப்பாவும் வரவேணுமாம்.

ஓட்டோக்கார றெஜினோல்ட் மனப்பாடமாய்ச் சொன்னான்:
குதிரை, கோட்டை, வளருற கல், பிறகு மரம்.
"மரத்துக்குப் பத்து நிமிசம்.
இரண்டரைப் படகை விட்டால்
இண்டைக்கு இஞ்சதான்."

மரமா அது?
பனைகளெல்லாம் எலும்பாய் நின்ற தீவில்
இது ஒன்றுதான் சதை.
அடியில் பொந்து, குனிந்தால் நுழையலாம்.
உள்ளே வௌவால் மணம்,
ஒரு சுதன் ஒரு கலாவுக்குக்
கத்தியால் கீறிய இதயம்.

"எல்லாரும் உள்ளுக்குப் போங்கோ, படம் எடுப்பம்."
போனோம்.
ஏழு வருசத்தில் முதல்முறை
அண்ணன்ர தோள் என் தோளில் முட்டியது.
ஒதுங்க இடமில்லை.

"இதை ஆர் நட்டது?" மிதுசி கேட்டாள்.
"ஆருக்குத் தெரியும்" என்றான் றெஜினோல்ட்.

எங்கட வழக்கில் அது நல்லாத் தெரியும்.
வடக்கு எல்லையில், பூவரசங் கதியால்,
ஒன்றரை அடி தள்ளி
நட்டது நான்.

ஆராவது சிரித்திருக்கலாம்.
படத்தில் மிதுசியின் பல் மட்டும் தெளிவு.

திரும்பும்போதும்
அணியத்தில் அண்ணன், கடையாரில் நான்.
அவன்ர வெள்ளைச் சட்டையில், இடத்தோளில்,
சாம்பல் நிறமாய் மரத்தூசி.
மச்சாள் காட்டினா. குனிந்து பார்த்தான்.
தட்டாமலே இறங்கினான்.