கோட்டுக்குக் கீழே

தல்லாகுளத்தில் என் ஜெராக்ஸ் கடைக்கு
பதினோரு மணிக்கு வந்தது அந்தப் பட்டியல்.
பத்தாம் வகுப்பு, மாவட்டம் முழுக்க,
பள்ளிவாரியாக, இறங்குவரிசையில்.
மூன்று பக்கம்.

மதியத்துக்குள் அறுபது பிரதி போட்டேன்.
வெயிலில் நின்றே படித்தார்கள்.
மேலிருந்து இறங்கிவந்த விரல்
தன் பிள்ளையின் பள்ளியில் நின்றது.
ஒருவர் மட்டும் முதலிலிருந்து மறுபடி எண்ணினார்,
எண்ணினால் இடம் மாறிவிடும் போல.

கடைசிப் பிரதி எனக்கு.
தன்ஷிகாவுக்கு ஜூனில் ஆறாம் வகுப்பு.

ராத்திரி சோலைராஜ் அதைத் தட்டுக்குப் பக்கத்தில் விரித்து
நூறு சதவீதங்களை எல்லாம் சிவப்பு மையில் சுழித்தார்.
"இதுல எதுக்கு நம்ம தெருவுக்கு வேன் வருதுன்னு கேளு."
சாம்பார்ச் சொட்டு ஒன்று விழுந்து
நாற்பத்து நான்காவது பள்ளியைச் சுற்றித்
தானாக ஒரு வட்டம் போட்டது.

முதல் பெயர்:
எழுதியோர் 61, தேறியோர் 61.
காளவாசல் திருப்பத்தில் அதற்கு பிளெக்ஸ்கூட வைத்தாயிற்று.

அந்தப் பள்ளியை எனக்குத் தெரியும்.
போன மே மாதம், ஒன்பது முடித்த பிள்ளைகள்
ஒருவர் பின் ஒருவராக
டிசியைக் காப்பி எடுக்க வந்தார்கள்.
காரணம் என்ற கட்டத்தில்
எல்லாவற்றிலும் ஒரே கையெழுத்து:
பெற்றோர் விருப்பம்.
"ரெண்டு போதும்க்கா" என்றான் முத்திருளன் என்ற பையன்.
அவன் அம்மா பூச்சந்தையிலிருந்து நேரே வந்திருந்தாள்,
விரல் நுனியெல்லாம் காம்புக் கறை.
"நாங்க எங்கம்மா விரும்புனோம்" என்றாள்
மெஷினைப் பார்த்துக்கொண்டே.

எத்தனை பேர் என்று கணக்கு வைக்கவில்லை.
பத்துக்கு மேல், இருபதுக்குள்.
சில்லறைக்குத் திண்டாடியது மட்டும் ஞாபகம்.

கோட்டுக்கு மேலே தொகுதி, கீழே பகுதி.
மேலே கூட்டினாலும் பின்னம் பெருகும்,
கீழே குறைத்தாலும் பெருகும்.
இதைப் பரீட்சைக்காகத்தான் படித்தேன் அப்போது.

மறுநாள் கடையைப் பாதியில் அடைத்துவிட்டு
செல்லூர்ப் பக்கம் போனேன்,
சாம்பார் காட்டிய மாநகராட்சிப் பள்ளிக்கு.
எழுதியோர் 143, தேறியோர் 122.
தலைமையாசிரியை என் கையிலிருந்த தாளைப் பார்த்ததும்
பதில் சொல்லத் தயாராகிக் கண்ணாடியைக் கழற்றினார்.
நான் ஒன்றுதான் கேட்டேன்:
முந்தின வருஷம் ஒன்பதில் எத்தனை பேர்?

பதிவேட்டைப் புரட்டினார்.
"நூத்தி இருபத்தொம்பது.
ஜூன்ல பதினாலு பேர் புதுசு. எல்லாம் டிசி கையோட."
கொஞ்ச நேரம் கழித்து, நான் கேட்காமலே,
"அதுல அஞ்சு பேர் பாஸு" என்றார்.

மீதி ஒன்பது பேருக்கும் மற்றவர்களுக்கும்
பக்கத்து அறையில் துணைத்தேர்வு வகுப்பு.
ஃபேன் கடகடத்தது.
ஜன்னல் வழியே பின்னந்தலைகள் தெரிந்தன;
முத்திருளன் இருந்தானா, தெரியவில்லை.
பின்னாலிருந்து பார்த்தால் எல்லாத் தலையும் ஒன்றுதான்.
ஐந்து பேரில் ஒருவனாகவும் இருக்கலாம்.

விண்ணப்பம் இன்னும் என் பைக்குள்தான் இருக்கிறது.
சோலைராஜிடம் சொல்லவில்லை.
"நாப்பத்து நாலா?" என்பார்.
அதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை,
பாதிதான் இருக்கிறது.

தன்ஷிகாதான் பையைக் குடைந்து கண்டுபிடித்தாள்.
தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு
"அங்க கிரவுண்டு இருக்காம்மா?" என்றாள்.

பட்டியலில் அப்படி ஒரு கட்டம் இல்லை.
நானும் பார்க்காமல் வந்துவிட்டேன்.