மார்ச் பதினேழின் படிமம்

ட்ரொம்சோவில் ஜூன் மாதம் இரவு வருவதில்லை.
ஆனாலும் அதிகாலை இரண்டேகாலுக்கு
எய்லர்ட்டின் துணி துவைக்கும் அறையில்
ஒரு பழைய கணினி விழித்துக்கொண்டு
'இரவுக் கட்டு தொடங்கியது' என்று எழுதும்.
ஜன்னலில் வெயில்.

எங்கெங்கோ யார் யாரோ
நேற்று மாலைவரை திருத்திய கம்பைலரை
அப்படியே இழுத்து வந்து
ஒன்றே முக்கால் மணிநேரம் அரைத்து
அடுக்கின்மேல் அடுக்காய் ஒரு கன்டெய்னரில் கட்டி
நெற்றியில் தேதி ஒட்டி
வெளியே வைத்துவிடும்.
யாரும் கேட்கவில்லை.
அவருக்குச் சம்பளம் துறைமுகத்தில்,
நிஜக் கன்டெய்னர்களை எண்ணுவதற்கு:
உறைந்த காட் மீன், நாற்பது அடி.

(தமிழில் இதையும் படிமம் என்கிறோம்,
கவிதையில் வருவதையும்.
அவருக்குத் தெரியாது.
தெரிந்தும் ஒன்றும் ஆகப்போவதில்லை.)

நாளுக்கு மூன்று முறை இறக்கப்படுகிறது.
ஒன்று அவரே, சரிபார்க்க.
ஒன்று ஏதோ தானியங்கி.
மூன்றாவது யாரென்று இரண்டு வருடமாய்த் தெரியாது.

மே தொடக்கத்தில் வட்டு நிரம்பியது.
பழைய இரவுகளை அழிக்கும் கட்டளையைத் தட்டி
என்டரில் விரல் வைத்தவர்
காபி போட எழுந்து போனார்.
கரகண்டாவிலிருந்து கடிதம் வந்தது அப்போதுதான்.

'நான் யெர்லான். கிரேனுக்கு நிரல் எழுதுகிறேன்.
என் கணக்கில் நான்காம் தசமம் பிசகுகிறது.
நான் எதையும் மாற்றவில்லை.
உங்கள் அறுபத்து நாலு இரவுகளை எடுத்தேன்,
நடுவில் வெட்டினேன்,
பழுதான பாதியை மறுபடி நடுவில்.
ஆறே வெட்டு.
மார்ச் பதினாறு நல்லது. பதினேழு கெட்டது.
தயவுசெய்து பதினேழை அழிக்காதீர்கள்.
நிரூபிக்க அது வேண்டும்.'

எய்லர்ட் இரண்டு முறை படித்தார்.
காபி பொங்கி அடுப்பில் வழிந்தது.

மாடியில் அலமாரி பாதி காலி.
பிப்ரவரியில் போர்கில்ட் எடுத்துப்போன பாதி.
சண்டை என்று ஒன்றும் நடக்கவில்லை.
ஏதோ ஒரு நாள் வரைக்கும்
சாப்பாட்டு மேசையில் பேசிக்கொண்டிருந்தார்கள்;
மறுநாளிலிருந்து உப்பை மட்டும் நகர்த்திக் கொடுத்தார்கள்.
எந்த நாள்?
பத்தொன்பது வருடம்,
ஏழாயிரத்துக்குக் கொஞ்சம் குறைவான இரவுகள்.
பதின்மூன்று வெட்டில் அகப்பட்டிருக்கும்.
தேதி ஒட்டி யாரும் வைக்கவில்லை.

கட்டளையைத் துடைத்தார்.
ஓடாத படகு எஞ்சினை விற்று
இரண்டு வட்டு வாங்கினார்.
பதினேழுக்குத் தனிச் சீட்டு:
'தவறானது. தொடாதே.'

ஜூன் இருபத்தொன்று.
ஜன்னலில் போர்வையை ஆணியடித்தும்
விளிம்பில் சூரியன் கசிகிறது.
துவைக்கும் எந்திரமும் கம்பைலரும்
ஒரே சுருதியில் சுற்றுகின்றன.
நாலு மணிக்கு முடிந்தது.
ஒரு சோதனை தோற்றிருக்கிறது,
எண் நாலாயிரத்து நூற்றுப் பதினெட்டு.

அதற்கும் தேதி ஒட்டினார்.
வெளியே வைத்தார்.
ஈரத்துணியைக் கொடியில் போடப் போனார்.