இடுப்பில் இரண்டாவது பேட்ஜ்

திங்களன்று வரவேண்டிய பெட்டி
வியாழனன்று வந்தது.
உலான்பாத்தர் மேல் பனிப்புயல்.
விமானம் வேறெங்கோ இறங்கி வேறெங்கோ தூங்கி
ஈயக் கூட்டுக்குள் பாதிக்குமேல் செத்த மாலிப்டினத்தைக்
கொண்டுவந்து சேர்த்தது. ரசீதில் முழு விலை.

"கற" என்றான் கன்சோரிக்,
என்னோடு மூன்றாம் ஆண்டு படிப்பவன்.
கறப்பது என்றுதான் இந்தத் துறையில் சொல்வார்கள்:
இந்தப் பக்கம் உப்புநீர் விட்டால்
அந்தப் பக்கம் வெற்றுக்குப்பி உறிஞ்சிக்கொள்ளும்
நிறமில்லாத பால்.
புளிக்காது. ஆறு மணிக்கொருமுறை பாதி பாதியாய்
இல்லாமல் போகும்.

ஒன்பது பேர் எலும்பு ஸ்கேனுக்குக் காத்திருந்தார்கள்.
நால்வருக்குத்தான் கண்டது.
எந்த நால்வர் என்று
எந்தத் தேர்விலும் கேட்டதில்லை.
தலன்சத்கத்திலிருந்து இரவெல்லாம் பேருந்தில் வந்தவர்
ஐந்தாவதாக உட்கார்ந்திருந்தார்,
தொப்பியை மடியில் வைத்து,
என்னைப் பார்க்காமல்.

பிற்பகல் அயோடின்.
சிறப்புப் பட்டத்துக்கு முப்பது சிகிச்சை வேண்டும்,
என் பதிவேட்டில் இருபத்தேழு.
யாஞ்மா இருபத்தெட்டு: தைராய்டு எடுத்த தழும்பு,
வீட்டில் இரண்டு வயதுப் பையன்.

"அவனைத் தூக்கக் கூடாது.
இரண்டு மடங்கு தள்ளி நின்றால்
கதிர் நாலில் ஒன்றாகும்."
"அந்தக் கணக்கு அவனுக்குத் தெரியுமா டாக்டர்?"
சிரித்தாள். நானும்தான்.

படிவத்தில் நான்காம் கேள்வி.
கடைசியாக விலக்கானது எப்போது?
அவள் உடனே தேதி சொன்னாள்.
எழுதப் போன பேனா
என் தேதியைத் தேடிக்கொண்டு
நின்றுவிட்டது.

ஆய்வகம் நம் மாடிக்குக் கீழ்மாடிதான்.
இருபது நிமிடம்.

எர்தெனெத் செப்புச் சுரங்கத்தில் ஷிஃப்டில் இருந்தான் கணவன்,
போன் எடுக்கவில்லை.
ஆகவே முதலில் தெரிந்துகொண்டவர்
கதிர் பாதுகாப்பு அதிகாரி தவாசுரேன்.
வாழ்த்தவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டார்,
இழுப்பறையில் படிவம் தேடினார்.
"இன்றிலிருந்து பிள்ளைக்கு
ஒரு மில்லிசீவர்ட். பிரசவம் வரைக்கும் அவ்வளவுதான்."
பேர் வைக்கும் முன்னே
ஓர் எல்லை வைத்தாயிற்று.

ஹாட் லேப் கதவு எனக்கு இனி இல்லை.
யாஞ்மாவுக்குக் கேப்சூலைக் கன்சோரிக் கொடுத்தான்,
அவன் பதிவேட்டில் அவள் பத்தொன்பது.
எனக்கு இருபத்தேழு அப்படியே.
பொறாமைப்பட்டேன், மறைக்க ஒன்றுமில்லை.
கழிப்பறையில் கொஞ்சம் அழுதேன்;
எதற்கென்று பிரித்துப் பார்க்க
நேரமில்லை, நான்கு ஸ்கேன்கள் படிக்கவேண்டும்.

இரண்டாவதில் முதுகெலும்பு நெடுக
கரும்புள்ளிகள்.
அறிக்கை எழுதினேன். திருத்தினேன்.
ஐந்தாமவருக்கு அடுத்த வியாழன் என்று
நானே போய்ச் சொன்னேன்.
தொப்பியை அணிந்துகொண்டு, "விமானம் வருமா?" என்றார்.
"வந்தால்."

மாலையில் பேட்ஜ் அச்சாகி வந்தது.
நெஞ்சில் குத்துகிற பழையது போலவேதான்,
ஈய அங்கிக்கு உள்ளே, இடுப்பில் குத்தவேண்டும்.
அனுங்கூ என்று என் பெயர்,
பக்கத்தில் ஒரு கோடு,
கோட்டுக்கு அந்தப்புறம்
2.