நாலெல்லை

டொலர் முன்னூற்றறுபதைத் தாண்டின கிழமை
அதைப் பிஸ்கட் டின்னுக்குள் போட்டு மூடினேன்.
நாற்பத்திரண்டு சுவிட்ச்,
கிறீஸ் பூசி முடித்தது இருபத்தியொன்று.
மண்ணெண்ணெய் வரிசையில் கான் பிடித்த கைக்கு
எந்தத் தட்டல் இனிமை என்ற யோசனை
வெட்கமாயிருந்தது.

இந்த மாசியில் திறந்ததுகூட
கத்தரிக்கோல் தேடித்தான்.
சாய்ந்தமருதுக் கடற்காற்று
மூடியை மதிக்கவில்லை.
பூசாத ஸ்பிரிங் அத்தனையும் துரு.
பூசினது மட்டும்
நேற்று ராத்திரி பூசினது போல.
ஒன்றை எடுத்துப் பெருவிரலால் அமத்தினேன்.
தொக்.
மறுகா ஒருக்கா.
தொக்.
கத்தரிக்கோல் எதற்கென்று இன்றுவரை ஞாபகமில்லை.

பகலில் நான் கல்முனை நொத்தாரிசுக் கந்தோரில்
காணி உறுதி அடிக்கிறவள்.
கந்தோர்க் கீபோட்டில் 'ப' சிலநேரம் இரண்டாக விழும்.
எத்தனை பேரின் பரம்பரைச் சொத்தில்
என் கையால் ஒரு எழுத்துக் கூடியிருக்கோ.
பாமினியில் புள்ளி இருப்பது
வலக்கைச் சுண்டுவிரலுக்குக் கீழே.
ஒரு நாள் ஒரு பக்கத்தை எண்ணிப் பார்த்தேன்:
நானூற்றெழுபது புள்ளி.
நானூற்றெழுபதையும் சுமந்தது
இருக்கிறதில் சின்ன விரல்.
இரண்டு பெருவிரலும்
ஒரே ஸ்பேஸ்பாரில் சாய்ந்து கிடந்தன,
மாமியார் வீட்டு மாப்பிள்ளை மாதிரி.

பழைய உறுதியொன்றின் முதுகில் வரைந்தேன்.
பழகின வசனம் தானாக வந்தது:
*வடக்கே: திரை.
கிழக்கே: தேத்தண்ணிக் கோப்பை வைக்கும் இடம்.
தெற்கே: என் வயிறு.
மேற்கே: சுவர்.
இந்நாலெல்லைக்குள் அடங்கிய
விஸ்தீரணம் விசை நாற்பத்திரண்டு.
இலக்கங்கள் மேல்மாடிக்கு மாற்றப்பட்டன.
வலப் பெருவிரலின் கீழுள்ள துண்டு
புள்ளிக்கு,
அறுதியாக.*

ஸ்பிரிங் பார்சல் தபால் கந்தோரில் பிரிபட்டது.
"பேனைக்கா?" என்றார்.
ஓம் என்றேன்.
பொய்தான். முழுப் பொய்யுமில்லை.

தகடு வெட்டினது பாண்டிருப்பில்,
பெயர்ப்பலகை செய்கிற கிருபைராசா அண்ணன்.
நீல அக்ரிலிக், ஐந்து மில்லிமீற்றர் கேட்டேன்,
மூன்றுதான் இருந்தது.
போய்ப் பார்த்தால் இடம் வலம் மாறிக் கிடக்கு:
பெருவிரல் துண்டு இடக்கைப் பக்கம்.
"பிழைச்சுப்போச்சு தங்கச்சி,
வேற வெட்டித்தாறன்."
தகட்டைக் கவிழ்த்துப் பிடித்தேன்.
சரியாக வந்தது.
இரண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசவில்லை.
பிறகுதான் கண்டேன்,
நான் கேளாமலே ஓரத்தில்
என் பெயரைச் செதுக்கியிருந்தார்.
இப்போது அது தலைகீழ் உலகத்து எழுத்து,
கண்ணாடிக்கு மட்டும் விளங்கும்
முபீனா.
என் பெயரில்
ஒரு புள்ளிகூட இல்லை என்பதும்
அப்போதுதான் பட்டது.

போன் திருத்தும் இல்ஹாமின் மேசையில் மூன்று மாலை.
டயோட்டின் கறுப்புக் கோடு
எல்லாம் ஒரே பக்கம் பார்க்கவேண்டும் என்றான்.
ஒன்று பார்க்கவில்லை.
அது 'ழ' என்று கண்டுபிடிக்க
ஈயம் மூன்று தரம் உருகியது.

நேற்று ராத்திரி முதல் வரி.
அடுத்த அறையிலிருந்து தங்கச்சி:
"ராத்தா, இந்நேரத்தில பாக்கா இடிக்கிறாய்?"
பதில் சொல்லவில்லை. அடித்துக்கொண்டிருந்தேன்.
தொக் தொக், பெருவிரலில் புள்ளி,
நினைத்ததைவிடக் கொஞ்சம் தடித்த சத்தம்,
மூன்று மில்லிமீற்றர் அல்லவா.

சுண்டுவிரல் மட்டும்
இன்னும் பழைய மூலைக்கே போகிறது.
அங்கே விசை இல்லை, மேசைதான்.
வெறும் பலகையில் ஒரு தட்டுத் தட்டி
நின்று பார்க்கிறது.
காணி கைமாறினதை
அதற்கு யாரும் சொல்லவில்லை.