அனல் கணக்கு

மூணு மாசத்துக்கு ஒருதரம் வயிற்றில் ஊசி.
ஹார்பரில் முப்பத்தோரு வருஷம் கிரேன் ஓட்டியவனை
ஒரு சின்னக் குப்பி மருந்து
சத்தமில்லாமல் இறக்கிவைக்கிறது.

பிறகுதான் அனல்.
மார்கழி விடியலில் காசிமேட்டுக் காற்று
ஈரத்துணியாய் முகத்தில் அறையும்போது
எனக்கு மட்டும் மார்பிலிருந்து காதுவரை கொதிக்கும்
மணலிப் பக்கம் இரவெல்லாம் எரியும் சுடர்போல.
இரண்டு நிமிஷம்.
அப்புறம் பனியன் நனைந்து குளிர்.

ஸ்டான்லியில் பிசியோதெரபிப் பெண் பெனிட்டா சொன்னாள்:
"மூத்திரத்தை அடக்குற மாதிரி இறுக்குங்க,
பத்து எண்ணி விடுங்க."
தண்டையார்பேட்டை ஷேர் ஆட்டோவில்
மீன்கூடைக்கும் ஸ்கூல் பைக்கும் நடுவில்
முகத்தை மட்டும் சும்மா வைத்துக்கொண்டு
எண்ணிக்கொண்டே போகிறேன்.
மின்ட் சிக்னல் விழுந்தால் இரண்டு சுற்று கூடுதல்.

கேரம் கிளப் இஸ்மாயில் ஒரு பொடி கொடுத்தான்,
எல்லாப் புற்றும் கரையுமாம்.
டாக்டரம்மாவிடம் காட்டினேன்.
மோந்து பார்த்து, மேஜை இழுப்பறையில் போட்டுப் பூட்டினார்.
"நடங்க. மூச்சுப் பயிற்சி செய்ங்க.
காதுல குத்துற ஊசிகூடப் போட்டுப் பாருங்க,
சிலருக்கு அனல் குறையுது.
ஆனா என் ஊசிக்கு லீவு கிடையாது."

நடக்கிறேன்.
தூங்கினாலும் தீராத களைப்பு
ஏலம் கூவும் சத்தத்துக்குள் புகுந்தால் மட்டும்
கொஞ்சம் வழிவிடுகிறது.
நோட்டில் தேதி போட்டுக் கோடு கிழிக்கிறேன்:
போன மாசம் ஒரு நாளுக்குப் பதினொன்று,
இந்த மாசம் ஏழு, சில நாள் ஒன்பது.
ஊசியா, நடையா, மூச்சா,
எது குறைத்தது என்று கேட்டால் தெரியாது.

நேற்று ராத்திரி மூணு மணி.
நாகபூஷணம் எழுந்து ஃபேனை என் பக்கம் திருப்பினாள்.
"வந்துச்சா?"

வந்துச்சா என்றால்
எது வந்தது என்று அவளுக்குத் தெரியும்.
பன்னிரண்டு வருஷத்துக்கு முன்
இதே பாயிலிருந்து எழுந்துபோய்
ஜன்னல் கம்பியில் நெற்றியை வைத்து நின்றாள்.
இந்நேரத்துல என்னாத்துக்கு லைட்டு என்று
புரண்டு படுத்தவன் நான்.

அவள் அதைச் சொல்லவில்லை.
என் முதுகைத் துடைத்துவிட்டு
வேறு பனியனை எடுத்துப் போட்டாள்.

நோட்டில் கோடு கிழித்தபடி கேட்டேன்:
"உனக்கு எத்தினி நாள் இருந்துச்சு?
ஒரு நாளைக்கு எத்தினி தபா?"

படுத்துக்கொண்டே சொன்னாள்:
"யாரு எண்ணினா."