எட்டுத் தடவை

புளியாவத்தை யோகமலரின் இரத்தம்
டிக்கோயாவில் ஒன்பது புள்ளி எட்டு,
மஸ்கெலியாவில் எட்டு,
பொகவந்தலாவையில், என் கையில், பதினொன்று.
ஒரே வாரம். ஒரே ஆள்.
"எந்த ரத்தத்த நான் நம்புறது?" என்றாள்,
கொழுந்துக் கறை ஏறிய விரலில் பஞ்சை அழுத்தியபடி.

நான் பழகியது ஒரு மிஸ்ஸின் பின்னால் நின்று.
மோர்ப் போத்தலைப் போலக் குழாயைக் குலுக்குவார்.
நானும் குலுக்கினேன், ஆறு வருஷம்.
மஸ்கெலியா நிர்மலன் குலுக்குவதே இல்லை.
டிக்கோயா ஃபர்ஸானா படித்தது சிங்களக் குறிப்பில்;
சில வரி பிடிபடவில்லை, கேட்கவும் வெட்கம்.

ஹட்டனில், மழை விடாத ஒரு திங்கட்கிழமை
மூவரையும் ஒரே மேசையில் உட்கார வைத்தார்கள்.
தமிழில் ஒரு புத்தகம், தாள்கள் இன்னும் ஒட்டிக்கொண்டு.
மெதுவாகக் கவிழ். நிமிர்த்து. எட்டுத் தடவை.
வாய்விட்டு எண்ணினோம்,
பெரட்டில் பேர் கூப்பிடுவதுபோல.
சிரிப்பு வந்தது. ஐந்தாவதில் நின்றுவிட்டது:
ஆறு வருஷத்துத் துண்டுகள்.
யார் யாருக்கு என்ன எழுதிக் கொடுத்தேன்?

இன்னொன்றும் சொன்னார்கள்.
மூன்று பேரும் ஒரே தப்பைச் செய்தாலும்
எண் ஒன்றாகத்தான் வரும்.
அதனால் மாதம் ஒரு குழாய் கொழும்பிலிருந்து வரும்;
விடை அவர்களிடம் இருக்கும்,
எங்களிடம் இருக்காது.

ஆவணியில் யோகமலர் மறுபடி வந்தாள்.
எடுத்ததை மூன்றாகப் பிரித்து
மற்ற இருவருக்கும் பஸ்ஸில் அனுப்பினேன்.
மூன்று இடத்திலும் ஏழு புள்ளி ஆறு.

துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.
"முந்தி பதினொன்னு போட்டீங்களே."

எட்டுவரை எண்ணினேன், மனதுக்குள்.
பிறகு சொன்னேன்.