நான்கு நிமிடம் பதினொரு செக்கன்

பெட்டியை மூட இன்னும் கொஞ்ச நேரம்.
கரவெட்டி வெயில் தகரப் பந்தலில் படபடத்தது.
கமரா மூன்று காலில் நின்றது, நான் ஒரு காலில்.
லைவில் இருநூற்றுப் பதினாறு பேர்:
ரொறன்ரோ, லாச்சப்பல், பேர்ண்,
அவர்களுக்குள் கஜரூபன், ஒரே மகன்,
வழக்கு முடியாமல்
எந்த விமானத்திலும் ஏற முடியாதவன்.

அச்சுவேலிப் பாண்ட் ஒரு பழைய படப்பாட்டை எடுத்தது,
செத்த வீட்டுக்கென்று வேகத்தைப் பாதியாக்கி.
இருபது செக்கன்கூட ஆகியிராது.
திரை கறுத்தது.
"இந்த ஒளிபரப்பில்
வேறொருவருக்குச் சொந்தமான உள்ளடக்கம் உண்டு."

வேறொருவருக்கு.
படுத்திருந்தவர் நாகமுத்தர்.
சேர்ட் மகன் அனுப்பியது.
அழுகை அவரவருடையது.
பாட்டு மட்டும்
சென்னையில் ஏதோ கம்பனிக்காம்.

போன் அடிக்கத் தொடங்கியது.
"தம்பி, கரண்ட் போட்டுதோ?"
இல்லை, கரண்ட் இருக்கு.
உரிமைதான் இல்லை.

ஆட்சேபிக்க ஒரு படிவம் வந்தது.
காரணத்தைத் தெரிவுசெய்யச் சொன்னது.
பிணம் எடுக்கினம் என்றொரு கட்டம் அதில் இல்லை.
பதில் ஏழு வேலைநாளில்.
அதற்குள் எட்டுச் செலவும் முடிந்துவிடும்.

ட்ரம்பெட் மரியதாஸ் வாயைத் துடைத்துக்கொண்டு வந்தார்.
அந்தப் பாட்டை அவர் பிடித்தது
பொருளாதாரத் தடைக்காலத்தில்,
சைக்கிள் டைனமோவில் ஓடிய
கொப்பியின் கொப்பியின் கொப்பியில்.
"நான் பிழையா வாசிச்சிட்டனோ?"
இல்லையண்ணை.
சரியா வாசிச்சிட்டியள். அதுதான் பிழை.

நான் மட்டும் என்ன, யோக்கியனா?
எடிட் பண்ணும் சொப்ட்வெயர்
பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஐந்நூறு ரூபாய்க்கு ஏற்றியது.
ஆனால் போன தைமாதம்
சாவகச்சேரிக்காரன் ஒருவன்
என் ட்ரோன் படத்தில் லோகோவை வெட்டிவிட்டுப் போட்டபோது
பொலிசுக்கு ஓடியவனும் நான்தான்.
"என்ன களவு போனது?"
ஒன்றும் போகவில்லை, என்னிடமும் இருக்கு.
"அப்ப எதைத் தேட?"
பேனையை மூடி வைத்தார்.

இரவு, கார்ட்டைச் செருகினேன்.
அது எந்தக் கம்பனிக்கும் காது கொடுக்கவில்லை,
நான்கு நிமிடம் பதினொரு செக்கனும் அப்படியே கிடந்தது.
பாட்டை மட்டும் உருவிவிடப் பார்த்தேன்.
ட்ரம்பெட்டுக்கு அடியில்
தாய் அவன் பேரைச் சொல்லிக் குளறுகிறா,
ஒன்றை எடுத்தால் மற்றதும் போகிறது.
இரண்டையும் விட்டேன்.

லோகோ பழக்கப்படி தானாய் வந்து
கிழவரின் பாதத்தில் உட்கார்ந்தது.
எடுத்தேன்.
சாவகச்சேரியை நினைத்து
சின்னதாக்கித் திரும்ப வைத்தேன்.

மூன்று துண்டாக வட்ஸ்அப்பில் போனது.
நீலக்கோடு விழுந்தது.
நெடுநேரம் ஒன்றுமில்லை.
பிறகு எழுதினான்:

"அண்ணை, இதை லண்டன் சித்திக்கு அனுப்பலாமோ?"

என்னிடம் கேட்கிறான்.